இயந்திர மனிதனுக்கு அழுக்குப் பூசலாமா?

அறிவியல் கண்காட்சி நாளன்று மண்டபத்துக்குள் நுழைவோரை முதலில் வரவேற்பது பெரும்பாலும் ஓர் இயந்திர மனிதனே. தெர்மோகோல் உடல்; அதன்மேல் வெள்ளித்தாள்; கண்களுக்கு இரண்டு சிவப்பு பல்புகள்; மார்பில் நான்கு பொத்தான்கள். கல்யாண மாப்பிள்ளையைப் போல் பளபளவென்று நிற்கும் அதனைப் பார்த்து, "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். இது என்ன வேலை செய்யும், எங்கே செய்யும், எத்தனை நாளாகச் செய்கிறது என்று கேட்பார் இல்லை. கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் மாணவியிடம் விடை இருப்பதில்லை. ஏனெனில் பல சமயங்களில் அது கடையிலிருந்து வந்தது. அல்லது வீட்டில் அண்ணன் செய்து கொடுத்தது.

அறிவியல் மன்றத்து மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டு மலரின் வாயிலாக ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். இயந்திர மனிதனின் மாதிரியை மாணவி தன் கையாலேயே செய்ய வேண்டும். செய்து முடித்தபின் அதனைப் பளபளப்பாக விட்டுவிடாமல், உழைத்து உழைத்துத் தேய்ந்த இயந்திரமாகக் காட்டவும் வேண்டும். "புதிதாகச் செய்த பொருளுக்கு யாராவது அழுக்குப் பூசுவார்களா?" என்று சிரிப்போர் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுமையுடன் எங்கள் காரணங்களைக் கேட்க வேண்டுகிறோம்.

இக்கலை நாங்கள் கண்டுபிடித்தது அன்று. ஜப்பான் நாட்டில் 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'கண்டம்' என்னும் அறிவியல் கற்பனைத் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. யோஷியுகி தொமினோ என்பவர் அதன் இயக்குநர். 18 மீட்டர் உயரமுள்ள இயந்திர உடல்களுக்குள் மனிதர் அமர்ந்து அவற்றை இயக்குவதாகக் கதை. தொடர் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாமல் 1980 ஜனவரியில் முன்கூட்டியே முடிந்துபோயிற்று. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் என்னும் நிறுவனம் அவ்வியந்திரத்தின் மாதிரியைத் துண்டு துண்டான உறுப்புகளாகப் பெட்டியில் இட்டு 300 யென் விலைக்கு விற்கத் தொடங்கியதும் சிறுவரும் பெரியவரும் கடைகளில் வரிசையில் நின்றனர். கதை முடிந்தபின் கதையைக் காப்பாற்றியது இந்தப் பெட்டிதான் எனலாம். இன்றுவரை கோடிக்கணக்கான பெட்டிகள் உலகெங்கும் விற்றிருக்கின்றன.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பொம்மை இராது. தட்டையான பிளாஸ்டிக் சட்டங்கள்தாம் இருக்கும். மாங்கொத்தில் பிஞ்சுகள் தொங்குவதுபோல், தலை, தோள், முழங்கை, விரல் என்று பிரிக்கப்பட்ட உறுப்புகள் மெல்லிய காம்புகளால் அச்சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். விளக்கத்தாளைப் பார்த்து, உரிய எண்ணைத் தேடி, காம்பைச் சிறு கொறடால் நறுக்கி, நறுக்கிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றுடன் ஒன்றைப் பொருத்த வேண்டும். முதன்முதல் வந்த பெட்டிகளுக்குப் பசை தேவைப்பட்டது. பின்னர் வந்தவை அழுத்தினாலே பொருந்திக்கொள்பவை. 1/144 என்று அளவு குறித்திருந்தால், கதையில் 144 மீட்டர் இருப்பது இங்கே 1 மீட்டர் என்று பொருள். ஆகவே 18 மீட்டர் இயந்திரம் மேசைமேல் பன்னிரண்டரை சென்டிமீட்டராக நிற்கும். கணக்குப் பாடத்தில் விகிதம் படித்தவர்கள் தாங்களே வகுத்துப் பார்க்கலாம்.

இத்துடன் வேலை முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைப்பர். உண்மையில் பாதி வேலை இனிமேல்தான். பெட்டியிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொம்மைபோலத்தான் இருக்கும்; கனமான இயந்திரம்போல் இராது. அதற்கு உயிர் கொடுப்பதே 'வெதரிங்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் வேலை. வெயில், மழை, புழுதி, உராய்வு, எண்ணெய் ஆகியவை ஓர் இயந்திரத்தின்மேல் எழுதிவைக்கும் எழுத்துகளை வண்ணத்தால் எழுதிக் காட்டுவது அது. தமிழில் 'பழசாக்குதல்' என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ரயில் மாதிரிகளையும் போர் ஊர்தி மாதிரிகளையும் செய்வோரிடம் இப்பழக்கம் வெகுநாட்களாக உண்டு.

அதன் முறைகள் கடினமானவை அல்ல. கறுப்பு அல்லது பழுப்பு வண்ணத்தை நன்றாக நீர்க்கச் செய்து, உறுப்புகளின் இணைப்புக் கோடுகளில் ஒரு சொட்டு வைத்தால், அது தானாகவே கோடு நெடுக ஓடி நிரம்பிவிடும். பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் நுண்புழை விளைவே இது. தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, பழந்துணியில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, விளிம்புகளின்மேல் லேசாக உரசினால், அவ்விளிம்புகள் தேய்ந்து உலோகம் தெரிவதுபோல் தோன்றும். பாத்திரம் துலக்கும் பஞ்சின் ஒரு துணுக்கைக் கரும்பழுப்பில் தொட்டு ஒற்றினால் வண்ணம் பெயர்ந்த சொத்தைகள் கிடைக்கும். செங்கற்பொடியும் அடுப்புக்கரிப் பொடியும் புழுதிக்கும் புகைக்கும் போதும். இவற்றில் எதற்கும் சீமையிலிருந்து சாமான் வர வேண்டியதில்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தை நினைத்துப் பார்ப்போம். அதற்கு முன் வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் விண்கலங்களும் இயந்திரங்களும் நேற்று வாங்கியவைபோல் மின்னின. ஜார்ஜ் லூக்காஸ் தம் படத்தில் எல்லாவற்றையும் பழையதாக்கினார். ஆர்2-டி2 என்னும் குட்டை இயந்திரத்தின் உடலெங்கும் அழுக்கு; விண்கலங்களில் புகைக்கறை, கீறல், ஒட்டு. அக்கலங்களின் மாதிரிகளைச் செய்தவர்கள் கடைகளில் விற்ற டாங்கி, விமான மாதிரிப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, அவற்றின் உறுப்புகளையே தங்கள் கலங்களின்மேல் ஒட்டினர். பார்த்தவர்கள் அதனை நம்பினர். உலகில் நாம் காணும் உண்மையான பொருள் எதுவும் புதிதாகவே இருப்பதில்லை அன்றோ? அழுக்கைக் கண்டதும், "இது எங்கோ போய் வந்திருக்கிறது, யாருக்கோ உழைத்திருக்கிறது" என்று மனம் சொல்லிவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆரணியில் வளரும் பெண்ணுக்கு இந்தக் கலையை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம். தறி வீட்டில் பிறந்தவள், தறி வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிறந்தவள், இருவரும் ஏற்கெனவே அதன் பள்ளியில் படித்தவர்களே. தறியின் கால்மிதியைப் பாருங்கள். பாதம் படும் இடம் மட்டும் குழிந்து வழவழப்பாக இருக்கும். ஓரங்கள் பழைய சொரசொரப்புடன் அப்படியே இருக்கும். நாடாவைப் பாருங்கள். பாவுக்கு இடையே இங்கும் அங்கும் எத்தனை ஆயிரம் முறை ஓடியதோ, அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். ஜக்கார்டு பெட்டியின் மேற்புறத்தில் மாதக்கணக்கில் தூசு படிந்திருக்கும். ஆனால் அசையும் அச்சாணியைச் சுற்றி மட்டும் எண்ணெய் கறுத்துக் கிடக்கும். கயிறு முழுவதும் கறுப்பதில்லை; கை பிடிக்கும் சாண் அளவுதான் கறுக்கும். தார் சுற்றும் ராட்டையின் கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கும்.

பழசாக்கும் கலையின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. அழுக்கை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பூசினால் அது கலை ஆகாது, வெறும் அழுக்குதான். எந்த இடம் தேயும், எது தேயாது, மழைநீர் எவ்வழி வடியும், கை எங்கே படும், எண்ணெய் எங்கே கசியும் என்று யோசித்துப் பூசுவதே கலை. யோசிக்க வேண்டுமானால் அந்த இயந்திரம் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். வெள்ளித்தாள் ஒட்டிய பொம்மையிடம் நாம் கேட்காத கேள்வியை இந்த வேலை நம்மைக் கேட்க வைக்கிறது.

எழுத்தாளர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்ற தொடரை ஆனந்த விகடனில் எழுதினார். அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர்கள் மறக்கவில்லை. அவரும் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர். நம் நாட்டு மின்னணு வாக்குப் பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். ஜீனோவுக்கு ஒரு மாதிரி செய்வதாக வைத்துக்கொள்வோம். பாதங்களின் அடியில் தேய்மானம் வேண்டும். வயிற்றின் கீழ்ப்புறத்தில் தெருப்புழுதி வேண்டும். நாயாயிற்றே! தலையை யாரேனும் தடவாமல் இருப்பார்களா? ஆகவே இரண்டு காதுகளுக்கு நடுவே மட்டும் வண்ணம் மங்கி மினுமினுக்க வேண்டும். அந்த ஒரு மினுமினுப்பில் ஜீனோவின் கதை முழுவதும் வந்துவிடும்.

இதில் அறிவியலும் உண்டு. விளையாட்டாக எண்ண வேண்டாம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்புக்காற்று அதனை விரைவுபடுத்தும். ஆகவே கடற்கரையில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு ஒரு துரு, நம் ஊர் வெயிலில் நிற்பதற்கு வேறொரு துரு. அலுமினியத்தில் செங்காவித் துரு வராது. செம்பில் பச்சை ஏறும். நிலவுக்குச் சென்ற ஊர்திக்குச் செந்துரு பூசினால் அது தவறு. அங்கே காற்றும் மழையும் இல்லை. ஆனால் சாம்பல் நிறப் புழுதி உண்டு, காற்றும் நீரும் உருட்டி மழுக்காததால் அப்புழுதியின் துகள்கள் கூர்மையானவை, எதிலும் ஒட்டிக்கொள்ளும். செவ்வாய்க்குச் சென்ற ஊர்தியோ செம்புழுதியால் மூடப்பட்டிருக்கும். அங்குள்ள மண்ணிலேயே இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது.

நிலவின் பேச்சு வந்ததால் நம் நாட்டு இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் ஊர்தியின் எடை 26 கிலோ, ஆறு சக்கரங்கள். 100 மீட்டருக்குச் சற்று அதிகமாக உருண்டு, மண்ணை ஆராய்ந்து, செப்டம்பர் 2 அன்று உறங்கவைக்கப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தைச் சேர்ந்தவர். துணைத் திட்ட இயக்குநர் கல்பனா என்னும் பெண்மணி. அதற்கு முந்திய சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் வனிதா. இந்த ஊர்திகளை நிலவுக்கு அனுப்புமுன் பூமியிலேயே ஓட்டிப் பார்க்க நிலவு மண்ணைப்போன்ற மண் தேவைப்பட்டது. அது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளிலிருந்து கிடைத்தது. விஞ்ஞானிகளே தங்கள் இயந்திரத்தைப் புழுதியில் ஓட்டிப் பார்த்தபின்தான் அனுப்பினார்கள் என்றால், நம் மாதிரியின் சக்கரத்தில் சிறிது புழுதி இருப்பது குற்றமாகுமா?

அமெரிக்கா அனுப்பிய ஆப்பர்சூனிட்டி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. 90 நாட்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டது. 14 ஆண்டுகள் உழைத்து 45 கிலோமீட்டர் நடந்தது. அதன் சூரியத் தகடுகளில் புழுதி படிவதும், சில வேளைகளில் காற்றே வந்து அதனைத் துடைப்பதுமாகக் காலம் கழிந்தது. 2018இல் வந்த பெரும் புழுதிப்புயலில் அது மௌனமாயிற்று. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்களைக் கூரிய கற்கள் ஓட்டையாக்கிவிட்டன. இவற்றின் மாதிரியைச் செய்பவள் அந்த ஓட்டைகளை விட்டுவிட்டுச் செய்தால், பயணத்தையே விட்டுவிட்டவள் ஆவாள்.

இன்னும் அருகில் வேறோர் இயந்திரம் இருக்கிறது. கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்னும் அது 2018 முதல் பாதாளச் சாக்கடைத் தொட்டிகளுக்குள் இறங்கி அடைப்பு நீக்குகிறது. நம் மாநிலத்தில் கும்பகோணம் நகராட்சியும் அதே ஆண்டு அதனைப் பெற்றது. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993லும் பின்னர் 2013லும் சட்டம் தடை செய்தது. ஆயினும் தொட்டிக்குள் இறங்கி நச்சு வாயுவால் இறந்தவர்களின் செய்தி அதன் பின்னும் வந்துகொண்டே இருந்தது. பேண்டிகூட்டின் மாதிரியை ஒருத்தி செய்து கண்காட்சிக்குக் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதனை வெள்ளித்தாளால் ஒட்டிக் கொண்டுவந்தால் என்ன பொருள்? அதன் கைகளில் சேறு இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தின்மேல் படியும் ஒவ்வொரு கறையும் ஒரு தந்தையின் உடலில் படாமல் போன கறை. எங்களைக் கேட்டால், கண்காட்சியில் மிகவும் அழகான மாதிரி அதுவே என்போம்.

இங்கே ஒரு கனமான விஷயத்தையும் பேசியாக வேண்டும். 'ரோபோ' என்ற சொல்லே உழைப்பிலிருந்து பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் அச்சொல் உலகுக்கு வந்தது. கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலையைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அவருடைய அண்ணன் யோசெப் அதனை எடுத்துக் கொடுத்தார். இயந்திர மனிதனின் மூளையோ தறியிலிருந்து வந்தது. பிரான்சின் லியோன் நகரில் பட்டு நெய்த ஜக்கார்டு 1804இல் துளை அட்டைகளால் இயங்கும் பெட்டியை அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் கொக்கி உயரும், இழை எழும்; துளை இல்லாவிட்டால் எழாது. ஆம், இல்லை என்னும் இந்த இரண்டே சொற்களால் மயிலும் மாங்காயும் நெய்துவிடலாம். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு இதே அட்டைகளை எண்ணினார். அவ்வியந்திரத்தைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி ஜக்கார்டு தறியையே அதற்கு உவமையாகக் கொண்டார். இன்றைய கணினிக்கும் அதனால் இயங்கும் இயந்திர மனிதனுக்கும் பாட்டன் யார் என்று கேட்டால், நம் வீட்டுத் தறியின் தலைமேல் அமர்ந்திருக்கும் பெட்டியைத்தான் காட்ட வேண்டும்.

அந்தப் பாட்டனின் பேரர்கள் இப்போது தறிக்கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அட்டைகளுக்குப் பதில் மின்னணுப் பெட்டி. கைக்குப் பதில் மின்விசை. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985இல் மைய அரசு சட்டம் செய்தது. 2015 முதல் ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகும் குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். சாக்கடைக்குள் இறங்கும் இயந்திரம் ஒரு மனிதனின் உயிரைக் காக்கிறது. தறிக்கூடத்துக்குள் வரும் இயந்திரம் சில வேளை ஒரு மனிதனின் சோற்றை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் இயந்திரமே. இரண்டையும் ஒரே வெள்ளித்தாளால் மூடிவிட்டால் வேறுபாடு தெரியாது.

திருச்சபை இக்கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. ஆலைத் தொழிலாளரின் நிலையைப் பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் சுற்றுமடல் எழுதினார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றியே ஒரு மடல் எழுதி, உழைக்கும் மனிதன் கருவியினும் மேலானவன் என்று வற்புறுத்தினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்கு இன்றைய செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சி எழுப்பும் கேள்விகளும் ஒரு காரணம் என்று கூறினார். உரோமையில் கேட்கப்படும் கேள்வியை ஆரணியில் ஒரு மேசையின்மேல், கையில் தூரிகையுடன் ஒரு மாணவி கேட்கட்டும்: இந்த இயந்திரம் யாருடைய சுமையை இறக்குகிறது? யாருடைய வேலையை வாங்கிக்கொள்கிறது?

எங்கள் கருத்துக்கு வரக்கூடிய மறுப்புகளையும் பார்ப்போம்.

"இயந்திரப் பொம்மைகள் ஆண்பிள்ளைகளின் விளையாட்டு" என்பது முதல் மறுப்பு. மெல்லிய பட்டிழை அறுந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் விரல்கள் யாருடையவை? இந்த வேலைக்கு வேண்டியது வலிமை அல்ல, நுட்பமும் பொறுமையும். அவை நம்மிடம் இருக்கின்றன. அவற்றுக்குக் கூலி என்ற பெயர் மட்டுமே இதுவரை கிடைத்தது; அறிவு என்ற பெயரும் கிடைக்கட்டும்.

"போர் இயந்திரங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?" என்பது அருட்சகோதரியர் சிலர் எழுப்பக்கூடிய கேள்வி. நியாயமானது. அயல்நாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை துப்பாக்கி ஏந்தியவை. அவற்றைப் பழசாக்குவோர் குண்டுத் துளைகளையும் வெட்டுக்காயங்களையும் செய்து மகிழ்வதும் உண்மை. அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். துப்பாக்கியை எடுத்துவிட்டு மண்வெட்டியைப் பொருத்துவோம். காயத்தின் தழும்புக்குப் பதிலாக உழைப்பின் தேய்மானத்தைச் செய்வோம். ஏரி தூர்வாரும் இயந்திரம், களை எடுக்கும் இயந்திரம், நோயாளியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தும் இயந்திரம் என்று கற்பனைக்குப் பஞ்சமா?

"பரீட்சை இருக்கையில் நேரம் ஏது, பணம் ஏது?" என்பது பெற்றோர் கேட்பது. வெளிநாட்டுப் பெட்டியின் விலை நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு எட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பெட்டி வாங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. புடவை வைத்து வரும் அட்டைப்பெட்டி, தீர்ந்த பேனா, பற்பசை மூடி, மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி, ஓடாத கடிகாரத்தின் பற்சக்கரம், இவை போதும். ஹாலிவுட்டில் விண்கலம் செய்தவர்களும் கையில் கிடைத்த உறுப்புகளை ஒட்டித்தானே செய்தார்கள்? நேரத்தைப் பொறுத்தவரை, துரு எப்படிப் பிடிக்கிறது என்று நான்கு பக்கம் மனப்பாடம் செய்யும் நேரத்தில் ஒரு முறை துருவைக் கண்ணால் பார்த்து வண்ணத்தால் வரைந்தவள் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெட்டும் கத்தியை உடலை நோக்கி இழுக்கக் கூடாது. தின்னர் கலந்த வண்ணத்தை மூடிய அறையில் பயன்படுத்தக் கூடாது. தண்ணீரில் கரையும் வண்ணமே நமக்கு ஏற்றது. தின்னர் பட்டால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும். பிளாஸ்டிக்கைத் தேய்க்கையில் உப்புத்தாளை நனைத்துக்கொண்டால் தூள் மூச்சில் ஏறாது. சிறிய வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையின் பார்வையிலேயே செய்யட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம்மில் பலர் வீட்டில் தறி இருப்பதைப் பள்ளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம். அம்மாவின் விரல் நுனிகளில் இழை அறுத்த கோடுகள் இருக்கின்றன. அப்பாவின் முதுகு தறிக்குழியில் அமர்ந்து அமர்ந்து வளைந்திருக்கிறது. பெற்றோர் தினத்தன்று அக்கைகளைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்ளும் தாய்மார் உண்டு. புதியது, பளபளப்பானது, கை படாதது, இதுதான் அழகு என்று விளம்பரங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நாசரேத்தில் தச்சு வேலை செய்த கைகளையும், உயிர்த்தெழுந்தபின் தோமாவுக்குத் தம் தழும்புகளைத் தாமே காட்டிய ஆண்டவரையும் வணங்கும் நாம் இந்தப் பாடத்தை ஏற்கலாமா? தேய்ந்த கால்மிதியை உற்றுப் பார்த்து, அதன் தேய்மானத்தை மதித்து, அதனை ஒரு மாதிரியில் அக்கறையுடன் தீட்டிய பெண், வீட்டுக்குப் போனதும் அம்மாவின் கைகளை வேறு கண்ணோடு பார்ப்பாள் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆகவே பள்ளி நிர்வாகத்துக்குப் பணிவுடன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: கண்காட்சிக்கு வரும் இயந்திர மாதிரிகள் பள்ளியிலேயே, மாணவியர் கையாலேயே செய்யப்பட வேண்டும், கடையில் வாங்கியவற்றுக்குப் பரிசு கூடாது. இரண்டு: ஒவ்வொரு மாதிரியுடனும் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும், அவ்வியந்திரம் செய்யும் வேலை, செய்யும் இடம், அதற்குமுன் அவ்வேலையைச் செய்தவர் யார், அவர் இனி என்ன செய்வார் என்பவற்றை மாணவி அதில் எழுத வேண்டும். மூன்று: தேய்மானமும் கறையும் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்பதற்கு மதிப்பெண் தர வேண்டும். நான்கு: அந்த மதிப்பெண்ணை இட, தறி பழுது பார்ப்பவர் ஒருவரையும் நெசவு செய்யும் தாய் ஒருவரையும் நடுவர்களாக அழைக்க வேண்டும். எந்த அச்சாணி முதலில் தேயும் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் நம் ஊரில் யார்?

மேடையில் இதுவரை நம் பெற்றோர் பார்வையாளர்களாகவே அமர்ந்திருந்தார்கள். அடுத்த கண்காட்சியில் அவர்களுள் சிலர் நடுவர் நாற்காலியில் அமரட்டும். நாம் செய்த இயந்திர மனிதனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "முழங்காலில் எண்ணெய்க்கறை சரியாக இருக்கிறது, ஆனால் பாதம் இன்னும் தேய வேண்டும், கண்ணு" என்று ஒரு தாய் சொல்லட்டும். அதை நாம் நின்று கேட்டுக்கொள்வோம்.